மணி அடித்த பிறகு

கே: ஜப்பானிய அனிமேவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எந்நேரமும் கிளப்பிலேயே இருக்கிறார்களே, எப்போது படிப்பார்கள்?

ப: மாலை மணி அடிக்கும்வரை படிப்பார்கள். அதன்பிறகு 'புகாட்சு' என்னும் மன்றம்: பேஸ்பால், கெண்டோ, வாத்தியக்குழு என்று ஏதாவது ஒன்று. விடுமுறையில் மன்றத்தோடு வெளியூர்ப் பயணமும் உண்டு. சுற்றுலா என்று நம்பிப் பையைத் தூக்கியவனை விடியற்காலையிலேயே எழுப்பி ஓடவிடுவார்கள். பேஸ்பால் பையன்களின் கனவு, 1924-இல் திறந்த கோஷியென் மைதானம். நம் ஊரில் தோற்றவன் மண்ணைக் கவ்வுவான். அங்கே தோற்ற அணி அழுதுகொண்டே மைதானத்து மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகும்!

கே: பள்ளி முடிந்து பகுதிநேர வேலைக்கும் போவார்களாமே?

ப: போவார்கள். கடையில் கல்லா, உணவகத்தில் பரிமாறுதல் மாதிரி வேலைகள். பல பள்ளிகளில் முன் அனுமதி வேண்டும். சிலவற்றில் தடையே உண்டு. 18 வயது நிரம்பாதவர்களை இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை வேலை வாங்கப் பொதுவாகச் சட்டம் விடாது. நம் பிளஸ் டூ பையன் டியூஷன் முடிந்து வீடு திரும்புவதே பத்து மணிக்குத்தான். அவனுக்குச் சட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை. ஃபீஸ் வேறு நாம் கட்டுகிறோம்.

கே: மன்றத்திலும் சேராமல், வேலைக்கும் போகாமல் இருக்கும் பிள்ளைகள்?

ப: அவர்களை 'வீடு திரும்பும் மன்றம்' என்று கேலி செய்வார்கள். சந்தா கிடையாது, பயிற்சி கிடையாது, தோல்வியும் கிடையாது. நம் ஊரில் கிளை திறந்தால் சொல்லுங்கள், தலைவர் பதவிக்கு நான் தயார்!