மூன்று பூட்டு போட்ட பெட்டி

ஏழைக்குச் சேமிக்கத் தெரியாது என்பது காசுள்ளவர்களின் வெகு பழைய நம்பிக்கை. அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் நம்மூர்ப் பெண்கள் ஒளித்துவைத்த சிறுவாட்டுக் காசை ஒரு தடவை எண்ணிப் பார்த்திருந்தால் அந்த நம்பிக்கை அன்றைக்கே செத்திருக்கும். ஆனால் யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதானே சிறுவாட்டுக்கு அழகு? அதனால் விஷயம் மேலிடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. இருநூறு வருஷத்துக்கும் மேலாக, தலைமுறைக்கு ஒருவர் கிளம்பி, "ஐயோ பாவம், இந்த ஜனங்களுக்கு உண்டியல் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுப்போம்" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

அப்படிக் கிளம்பியவர்களில் பேர் பெற்றவர் ஹென்றி டங்கன். ஸ்காட்லாந்தில் டம்ஃப்ரீஸ் பக்கம் ரத்வெல் கிராமத்தின் பாதிரியார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் போக மீதி ஆறு நாளும் கை சும்மா இருக்காத ஆத்மா. பத்திரிகை தொடங்கினார். மதச் சண்டையில் உடைத்துப்போட்ட, ஆயிரம் வருஷப் பழசான கற்சிலுவை ஒன்றைத் துண்டு துண்டாகத் தேடி ஒட்டவைத்தார். பாறையில் பதிந்து கிடந்த காலடித் தடங்களைப் பற்றி 1828இல் எடின்பரோ அறிஞர் சபைக்குக் கட்டுரை எழுதினார். அது எந்தப் பிராணியின் கால் என்று தெரிந்துகொள்ள, அவரோடு தொடர்பில் இருந்த ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் பக்லண்ட், ஆமையைப் பிடித்துப் பிசைந்த மாவின்மேல் நடக்கவிட்டுப் பார்த்தார். மாவில் ஆமை விடுகிறவர்களின் சகவாசம் உள்ள மனிதர் ஊர் ஏழைகளை மட்டும் சும்மா விடுவாரா?

1810இல் ஒரு சின்ன வீட்டில் டங்கன் சேமிப்பு வங்கி திறந்தார். ஆறு பென்னி இருந்தால் போதும், கணக்கு தொடங்கலாம். நோக்கம் நல்லதுதான். கூடவே இன்னொரு நோக்கமும் உண்டு. இங்கிலாந்தில் ஏழைகளைப் பராமரிக்க நிலச்சொந்தக்காரர்களிடம் வரி பிடுங்கினார்கள். அந்தப் பழக்கம் எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்கும் வந்துவிடக் கூடாது என்பது டங்கனின் கவலை. ஏழை தன் காசிலேயே தன்னைப் பார்த்துக்கொண்டால் பண்ணையாருக்கு வரி மிச்சம். தர்மம் செய்வதில் இப்படியொரு சிக்கனமான வழி அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

பணம் வைத்த பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவி, மூன்று பேர் கையில். மூவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும்.  அதைவிடச் சுவாரஸ்யம் விதிமுறைகள். கணக்கு தொடங்க வந்தவனுடைய வயது, குடும்ப நிலவரம், இதுநாள்வரை அவன் நடந்துகொண்ட ஒழுக்கம் எல்லாம் விசாரிக்கப்படும். இன்றைக்கு வங்கியில் கேஒய்சி கேட்டு இழுத்தடிக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறோம். ஆதார் கேட்கிறார்களே தவிர, போன வருஷத் திருவிழாவில் குடித்தாயா என்று கேட்பதில்லை. வருஷத்துக்கு இவ்வளவு போட்டே ஆகவேண்டும், போடாவிட்டால் அபராதம். முழு வட்டியான ஐந்து சதவீதம் வேண்டுமென்றால் மூன்று வருஷம் பொறுத்திருக்க வேண்டும், ஐந்து பவுனாவது சேர்ந்திருக்க வேண்டும், அதன்பின் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், அல்லது 56 வயதாக வேண்டும், அல்லது செத்துப்போக வேண்டும். இத்தனைக்கும் பிறகு முதல் வருஷம் சேர்ந்தது 151 பவுன். ஜனங்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்று யார் சொன்னது?

இங்கே பவுன் என்று நான் எழுதும்போதெல்லாம் உங்கள் மனம் நகைக்கடைப் பக்கம் போவது எனக்குத் தெரியும். போகட்டும், அதிலும் விஷயம் இருக்கிறது. 1817இல் பிரிட்டன் ஒரு பவுன் மதிப்புள்ள தங்க நாணயம் அடித்தது: 22 காரட், 7.98 கிராம். நம்மூர் ஆசாரி அதை முழு எட்டாக்கிக்கொண்டார். இன்றுவரை மாப்பிள்ளை வீட்டார் "எத்தனை பவுன் போடுவீங்க?" என்று கேட்பது அந்த நாணயக் கணக்கில்தான். அதே 1817இல்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சேமிப்பு வங்கிகளுக்குச் சட்டமும் போட்டது. சட்டத்தை நாம் வாங்கவில்லை, நாணயத்தை வாங்கிக்கொண்டோம். யோசித்துப் பார்த்தால் புத்திசாலித்தனமான தேர்வு.

சட்டம் சொன்னது இதுதான்: ஏழைகள் போடும் பணம் மொத்தமும் தேசியக் கடன் ஆணையர்களிடம் வர வேண்டும், பதிலுக்கு அரசாங்கம் தாராளமாக வட்டி தரும். நூறு பவுனுக்கு வருஷம் 4 பவுன் 11 ஷில்லிங் 3 பென்னி. நெப்போலியனோடு சண்டை போட்டுக் கழுத்துவரை கடனில் நின்ற அரசாங்கம், கூலிக்காரனின் ஆறு பென்னியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது. இந்த முரணைப் பார்த்து வயிறெரிந்து கிண்டலடித்தவர் பத்திரிகைக்காரர் வில்லியம் காபெட். சோற்றுக்கே இல்லாதவனிடம் சேமி என்கிறார்களே என்று எழுதித் தள்ளினார்.

வட்டி நன்றாக இருக்கிறது என்ற செய்தி ஏழையின் காதுக்குப் போவதற்கு முன்னால் யார் காதுக்குப் போயிருக்கும்? வக்கீல், வியாபாரி, வசதியான விவசாயி எல்லோரும் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். ஆளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்தார்கள். பிள்ளைகளின் பெயரில் ஆளுக்கொரு கணக்கு முளைத்தது. ரேஷன் கடையில் பார்க்காத காட்சியா! அரசாங்கம் நஷ்டக் கணக்கு எழுதி மாளாமல் 1828இல் வட்டியைக் குறைத்தது. ஏழைக்கும் சேர்த்தேதான்.

வேலைக்காரர்கள் தயங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. வங்கியின் அறங்காவலர்கள் யார் என்று பார்த்தால், அதே ஊர் ஆலை முதலாளிகள். தன் ஆள் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறான் என்று முதலாளிக்குத் தெரிந்தால், "ஓ, கூலி அதிகமோ?" என்று அவர் மனம் கணக்குப் போடாதா? வங்கி திறந்திருப்பதோ பல ஊர்களில் வாரத்துக்குச் சில மணி நேரம். கேட்டால் அறங்காவலர் கௌரவ உத்தியோகம், அவருக்கு வேறு வேலை இருக்கிறது.

அப்படிக் கௌரவமாக நடந்த வங்கிகளில் ஒன்று இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில். அதன் கணக்கைப் பார்த்தவர் ஜார்ஜ் ஹாவர்த். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், எளிய உடை, சாந்த முகம், ஊரே நம்பிய மனிதர். 1849இல் அவர் காலமானார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அப்படியே கணக்குப் புத்தகத்தையும் விசாரித்தபோது 70,000 பவுனுக்கு மேல் காணவில்லை. (நகைக்கடைக் கணக்கில் போட்டுப் பார்க்காதீர்கள், மயக்கம் வரும்.) அரசாங்கத்தைக் கேட்டால், "எங்களிடம் வந்து சேர்ந்த பணத்துக்குத்தான் நாங்கள் பொறுப்பு" என்றது. அறங்காவலர்களின் பொறுப்பையோ 1844ஆம் வருஷச் சட்டம் ஏற்கெனவே சுருக்கி வைத்திருந்தது. மூன்று பூட்டின் சாவியும் இறந்துபோன ஒரே மனிதரின் பையில் இருந்திருக்கிறது.

அந்த ஊர் நெசவாளிகள் அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அதே ராச்டேலில் 1844இல் 28 பேர் சேர்ந்து மாவும் வெண்ணெயும் விற்கும் கூட்டுறவுக் கடை ஒன்று தொடங்கியிருந்தார்கள். வாங்கும் சாமானுக்கு ஏற்ப லாபத்தில் பங்கு. அதை எடுக்காமல் கடையிலேயே விட்டுவைக்கலாம். முதலாளி, பாதிரியார், ஒழுக்க விசாரணை எதுவும் கிடையாது. வங்கி கவிழ்ந்ததும் ஜனம் அங்கே திரும்பியது. 1850இல் உறுப்பினர்கள் 600 பேர்.

இதையெல்லாம் பிரிட்டிஷ் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் கவனித்துக்கொண்டிருந்தார். எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தித் துண்டைக்கூட எடுத்துவைக்காதவன் என்ன நிதியமைச்சன் என்று நினைக்கிற ரகம். சார்ல்ஸ் சைக்ஸ் என்ற ஹடர்ஸ்ஃபீல்டு வங்கிக்காரர், "ஊருக்கு ஊர் தபாலாபீஸ் இருக்கிறதே, அங்கேயே வாங்கினால் என்ன?" என்று யோசனை சொன்னதும் பிடித்துக்கொண்டார். 1861 செப்டம்பர் 16 அன்று தபாலாபீஸ் சேமிப்பு வங்கி திறந்தது. ஒரு ஷில்லிங் முதல் போடலாம், வருஷத்துக்கு 30 பவுன்தான் உச்சம், மொத்தம் 150. வட்டி இரண்டரை சதவீதம். வக்கீல்களும் வியாபாரிகளும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போகிற அளவு. கணக்கு விவரத்தை வெளியே சொல்லத் தபால்காரருக்குச் சட்டப்படி தடை. முதலாளிக்குத் தெரியாது. பணத்துக்கு அரசாங்கமே முழுப் பொறுப்பு. கல்யாணமான பெண்கள் தங்கள் பெயரிலேயே போடலாம், எடுக்கலாம். கணவன் எழுத்து மூலம் ஆட்சேபிக்காதவரை. மனைவியின் சம்பாத்தியமும் கணவனுக்கே சொந்தம் என்று சட்டம் சொன்ன காலம் அது. சிறுவாட்டுக்கு ராணியின் முத்திரை கிடைத்துவிட்டது!

உள்ளதைச் சொல்ல வேண்டும்: ஐம்பது வருஷ உபதேசமும் செய்யாததைத் திறந்திருக்கும் ஒரு ஜன்னலும் வாயை மூடிய ஒரு குமாஸ்தாவும் செய்தார்கள். ஆனால் கிளாட்ஸ்டன் ஏழைகளை நினைத்துத் தூக்கம் கெட்டவர் என்று முடிவுகட்ட வேண்டாம். பணம் வேண்டும்போதெல்லாம் லண்டன் வங்கி முதலைகளின் வாசலில் நிற்காமல் இருக்க, கஜானாவுக்குச் சொந்தமாக ஒரு கை வேண்டும் என்பது அவர் கணக்கு. அதை அவரே ஒளிக்கவில்லை. கோடிக்கணக்கான ஷில்லிங்குகள் அந்தக் கையாக ஆயின.

அந்தக் கை கடல் தாண்டி இங்கேயும் வந்தது. சென்னையில் 1834இலேயே அரசாங்கச் சேமிப்பு வங்கி இருந்தாலும், தபாலாபீஸ் கணக்கு 1882 ஏப்ரல் முதல் தேதி தொடங்கியது. தேதியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நிதியாண்டு அப்படி. ஏழை உழவன் வருவான் என்று காத்திருந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலானோர் மாதச் சம்பளக்காரர்கள். உழவன் தன் மிச்சத்தை மாட்டிலும் நிலத்திலும் மனைவியின் காதிலும் போட்டிருந்தான். 1914இல் ஐரோப்பாவில் சண்டை மூண்டதும், வைத்திருந்தவர்களும் பாஸ்புக்கோடு ஓடிவந்து உருவிக்கொண்டார்கள். சர்க்கார் ஜெயிக்குமா என்பதில் சர்க்கார் குமாஸ்தாவுக்கே சந்தேகம். 1917இல் சண்டைச் செலவுக்குப் பணம் போதாமல் தபாலாபீஸில் ரொக்கப் பத்திரம் விற்கத் தொடங்கினார்கள். சிக்கனம் பற்றிய உபதேசம் அப்போது உச்சஸ்தாயிக்குப் போனது.

அமெரிக்கக் காட்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதை நீட்டினால் சிரிப்பு வராது. 1980களில் அங்கே பிள்ளைகளை வளர்க்க அரசு உதவித்தொகை வாங்கும் தாய் 1,000 டாலருக்கு மேல் சேர்த்துவைத்தால் உதவி நின்றுவிடும். ஒரு கையால் சிக்கனப் பாடம், மறு கையால் சேமித்ததற்குத் தண்டனை. அதே நாட்டில் வீட்டுக்கடன் வாங்கியவர் கட்டும் வட்டிக்கு வரிச்சலுகை. வீடு பெரிதாக இருந்தால் சலுகையும் பெரிது. மைக்கேல் ஷெராடன் என்ற பேராசிரியர் 1991இல் ஒரு புத்தகம் எழுதி இதைச் சுட்டிக்காட்டினார். வசதியானவன் சொத்து சேர்க்க அரசாங்கம் ஏற்கெனவே உதவுகிறதே, ஏழைக்கும் அதையே செய்தால் என்ன என்று கேட்டார்.

பிரிட்டன் கேட்டது. 2002 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் 250 பவுன், வருமானம் குறைந்த வீட்டுக் குழந்தைக்கு 500. பதினெட்டு வயதுவரை யாரும் தொட முடியாது. கணக்கு திறக்கச் சொல்லிப் பெற்றோருக்குச் சீட்டு அனுப்பினார்கள். திறக்காவிட்டால் அரசாங்கமே திறந்துவிடும். நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கணக்குகள் அப்படித் திறந்தவைதான். பெரியவர்களுக்கும் ஒரு திட்டம் இருந்தது: ஏழை ஒரு பவுன் போட்டால் அரசு அரைப் பவுன் போடும். சோதித்தார்கள், சட்டம் இயற்றினார்கள், 2010 ஜூலையில் தொடங்கத் தேதி குறித்தார்கள். ஜூனில் புது அரசாங்கம், காசில்லை என்று கல்யாண மண்டப வாசலிலேயே நிறுத்திவிட்டது. குழந்தைகள் திட்டத்துக்கும் 2011 ஜனவரியோடு மூடுவிழா. அந்த வருஷக் கடைசியில் மாற்றாக வந்த கணக்கில் அரசாங்கம் ஒரு பென்னியும் போடாது. பெற்றவர்கள் போட்டால் வரி கிடையாது. இப்போது அதற்கு வருஷ உச்சவரம்பு 9,000 பவுன். 500 பவுன் கொடுக்கக் கஜானாவில் இல்லாத நாட்டில்! அரைப் பவுன் திட்டம் மட்டும் 2018இல் வேறு பெயரில் திரும்ப வந்தது. அதே கட்சியின் ஆட்சிதான்; நிறுத்தியது யாரோ என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு விளம்பரம் செய்தார்கள்.

2020 செப்டம்பரில் முதல் குழந்தைகளுக்குப் பதினெட்டு முடிந்தது. பெட்டிகள் திறக்க ஆரம்பித்தன. 2024 கணக்குப்படி ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் தங்கள் பெயரில் சராசரியாக 2,000 பவுனுக்கு மேல் கிடப்பது தெரியாமலோ, தெரிந்தும் எந்த நிறுவனத்தில் என்று தெரியாமலோ இருக்கிறார்கள். கேட்டால் வரித்துறை இலவசமாகவே சொல்லும். அதற்குள் நடுவில் சில கம்பெனிகள் கடை போட்டுவிட்டன: "தம்பி, உன் பணம் எங்கே இருக்கிறது என்று நாங்கள் கண்டுபிடித்துத் தருகிறோம், கமிஷன் மட்டும் கொடு."