25 அடி இடைவெளி

வாடா தம்பி, இப்புடித் திண்ணையில உக்காரு. லிங்க்டின்ல என்னையப் பத்தி எழுதிருக்கியாமுல்ல? ஒந்தங்கச்சி நேத்து வாசிச்சுக் காட்டுனா. “கஜா புயலில் என் தாத்தாவின் 40 தென்னை மரங்கள் சாய்ந்தன. அவர் சிரித்தார்.” அதோட நிறுத்திப்புட்டா. அப்புறம் என்னத்தான்னேன். ‘மேலும்’னு போட்டிருக்க எடத்த அமுக்குனாத்தான் மிச்சம் வருமாம். சீக்கிரம் அமுக்குன்னேன். நான் எதுக்குச் சிரிச்சேன்னு எனக்கும் தெரிஞ்சுக்கணுமுல்ல.

உள்ள போனா மூணு பாடம். விழுந்தா எழணும், மாத்தத்த வரவேக்கணும், குழுவா நிக்கணும். ஏன்டா, 2018 நவம்பர் 16 விடியக்காலம் நான் இதே திண்ணையில தலையில துண்டப் போட்டுக்கிட்டு அழுதது தெருவுக்கே தெரியுமே. குழுவா நின்னது மட்டும் நெசந்தான், தண்ணி லாரிக்கு முன்னாடி கொடத்தோட நின்னோம். கரண்டு வரவே எத்தனையோ நாளாச்சு. நீ மெட்ராஸ்லேருந்து போன் போட்டு, “டவர் இல்லையாமே தாத்தா”ன்னு துக்கம் விசாரிச்ச.

போவட்டும், பேரன் பொழைக்கிறான்னா தாத்தன் சிரிச்சதா இருந்துட்டுப் போறேன். ஆனா பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுடா. அது என்ன, ஒரு வரி எழுதுற, ஒரு வரிக்கு எடம் விடுற? தென்னைக்குத்தான் 25 அடி இடைவெளி, வேரு ஓடணும். உன் வரிக்கு எந்த வேரு ஓடுது? 3,000 எழுத்து வரைக்கும் எழுதலாமாம், நீ பாதிய தரிசாப் போட்டு வச்சிருக்க.

கீழ வந்து விழுந்த கருத்தையும் கேட்டேன். “அருமையான பார்வை சார்”, “ஆழமான சிந்தனை சார்”. யாருப்பா இவரு, நம்ம தோப்பப் பாத்தவரான்னேன். இல்ல தாத்தா, போன மாசம் அவரு புரமோஷனுக்கு அண்ணன் கைதட்டுச்சு, இவரு திருப்பித் தட்டுறாருன்னா. அட, இது நம்ம பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தாச்சே! ஆடி ஆவணியில வந்து பாரு, வச்சவனுக்கு வைக்காம எவனும் தெருவுல நடக்க முடியாது. என்ன, நம்ம பந்தியில ஆட்டுக்கறி போடுவான். உங்க பந்தியில வெறும் எலை.

அதுலயும் ஒரு விஷயம் பாரு. இங்க பந்தலப் போட்டவன்தான் கறிக்கும் செலவழிப்பான். உங்க பந்தல 2016-ல மைக்ரோசாப்ட் 2,620 கோடி டாலருக்கு வாங்குச்சாமுல்ல. கறியும் நீங்க, மொய்யும் நீங்க, மொய் நோட்டு மட்டும் அவன் கையில. நான் மெச்சுறது அவனத்தான்.

அப்புறம் அந்த பல்பு. நல்லாச் சிந்திச்சு எழுதுனவனுக்கு மஞ்சப் பல்பு போடுவாகளாம். உனக்கு 37 பல்பு விழுந்திருக்குன்னு ஒங்கம்மா பக்கத்து வீட்டுல போயி பெருமை பேசிட்டு வந்திருக்கா. நம்ம பக்கம் பல்பு வாங்குனான்னா என்ன அர்த்தம்னு அவளுக்குத் தெரியாதா என்ன? பெத்த மனசு, மறந்துருச்சு.

ஒண்ணு மட்டும் செய்யி. அடுத்தாப்புல யாரையாச்சும் ஞானியாக்கணும்னா ஆட்டோக்காரரு, டீ மாஸ்டரு, தாத்தான்னு எளியவனா ஏன்டா தேடுற? உங்க மேனேஜர் ஒரு நாளும் ஞானம் பேசுனதில்லையா? அவரு பேசுனதா எழுதுனா, “நான் எப்படா சொன்னேன்”னு கேட்டுருவாரு. அதானே?

சரி, அடுத்த பதிவுக்கு நானே சரக்கு தர்றேன். புயலுக்குப் பொறவு வச்ச கன்னெல்லாம் காய்ப்புக்கு வந்திருச்சு. உரிக்கத்தான் ஆளு கெடைக்கல. தோப்புல கடப்பாரைய நட்டு வச்சிருக்கேன். காலையில வந்து ஒரு நூறு காய உரிச்சுப் போடு. சாயங்காலம் அந்த ‘மேலும்’ங்கிறத அமுக்க வெரலு வருதான்னு பாப்போம்.

நான் அப்பச் சிரிக்கிறேன். அதப் போட்டோ எடுத்துப் போட்டுக்க.