மேகத்துக் கணக்குப்பிள்ளை

சோழிங்கநல்லூர் கண்ணாடிக் கட்டடங்களில் இவரைக் கண்டுபிடிப்பது எளிது. கழுத்தில் இரண்டு அட்டை தொங்கும்: ஒன்று சம்பளம் கொடுக்கும் ஐ.டி. கம்பெனியுடையது, மற்றது வேலை வாங்கும் வங்கியுடையது. பதவி, கிளவுட் டேட்டா இன்ஜினியரிங் லீட். சொந்தக்காரர்களிடம் அவர் அம்மா சொல்வது, 'பேங்க்ல இருக்கான்.' பெண் பார்க்கப் போனபோது அது உதவியது. வீட்டுக் கடன் வட்டியைக் குறைக்கச் சொல்லிச் சித்தப்பா வந்தபோது உதவவில்லை.

ஜூனியர் பிள்ளைகளுக்கு அவர் 'அண்ணா', மும்பை மேலதிகாரிக்கு 'ஜி'. ஆடிட்டர் எதிரே உட்கார்ந்தால் அவருக்குப் பெயரே கிடையாது. 'எஸ் சார்' மட்டும்தான்.

வங்கியின் பழைய மெயின்ஃப்ரேமில் கிடக்கும் கணக்கையெல்லாம் கிளவுடில் ஏற்றுவதுதான் வேலை. அந்த மெயின்ஃப்ரேமில் ஆட்சி செய்வது 1959-இல் பிறந்த கோபோல் மொழி. ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவே புள்ளியைச் சேமிக்கிற வழக்கம் அதற்குக் கிடையாது. புள்ளி எங்கே என்பது காப்பிபுக் என்ற தனி ஏட்டில் இருக்கும். அதைப் பார்க்காமல் ஏற்றினால் ஐந்நூறு ரூபாய்க்காரர் ஐம்பதாயிரத்துக்கு அதிபதி. புதுப் பையன் ஒருவன் டெஸ்டிங்கில் இப்படி ஒரு மாவட்டத்தையே செழிக்க வைத்துவிட்டான். "வறுமைய ஒழிச்சிட்டடா. இப்ப திரும்பக் கொண்டு வா" என்றார் லீட்.

பணத்தை ஃப்ளோட் என்ற எண் வகையில் வைக்கிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. அந்த முறையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் கம்ப்யூட்டர் 0.30000000000000004 என்று சொல்லும். ராக்கெட் விடுகிறவர்களுக்கு அது போதும், பாஸ்புக்குக்குப் போதாது. இன்டர்வியூவில் ஸ்பார்க், காஃப்கா பற்றியெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி இதுதான்.

கிளவுட் என்றால் எல்லையற்ற வானம் என்று யாராவது பேசினால் ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் சுற்றறிக்கையை நீட்டுவார். பணப் பரிவர்த்தனைத் தகவலை இந்தியாவுக்குள்தான் சேமிக்க வேண்டும். அதனால் அவர் வாடகைக்கு எடுத்த அமேசான் மேகம் மும்பையிலும் ஹைதராபாத்திலும் மட்டும் நிற்கும். மழை மட்டும் பில் வடிவில் சென்னையில் பெய்யும். பொங்கலுக்கு ஊருக்குப் போன ஒருவன் கிளஸ்டரை அணைக்காமல் போனதிலிருந்து, தினமும் மாலை ஒவ்வொரு நாற்காலியாகப் போய் "ஆஃப் பண்ணியாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாடி இறங்குகிறார்.

மாதக் கடைசியில்தான் அவரைப் பார்க்க வேண்டும். பழைய பக்கத்து மொத்தமும் புதிய பக்கத்து மொத்தமும் ஒத்துப்போயாக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ரூபாய் பதினேழு பைசா இடிக்கும். "அண்ணா, நானே ஜிபே பண்ணிடறேன், வீட்டுக்குப் போகலாம்" என்றாள் ஒரு பெண். அவர் சிரிக்கவில்லை. தேடினார்கள். பாதியில் நின்றுபோன ஜாப் மறுபடி ஓடியபோது ஏதோ ஒரு வரி இரண்டு முறை ஏறியிருந்தது. டேட்டா லேக், பைப்லைன் என்று என்ன பெயர் வைத்தாலும் இது பழைய மண்டிக் கணக்குப்பிள்ளையின் வேலைதான். என்ன, அந்தக் கணக்குப்பிள்ளை பேரேட்டை மூடிவிட்டுத் தூங்கப் போனார்.

இத்தனை பாடுபட்டு ஏற்றிய பிறகு வங்கி அதிகாரி கேட்பது ஒன்றே ஒன்று: "இதையே எக்ஸெல்ல அனுப்ப முடியுமா?" அனுப்புவார். பதினைந்து இலக்கத்துக்கு மேல் எக்ஸெலுக்குத் தாங்காது. பதினாறு இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். மறுநாள் காலை பதில் வரும்: "உங்க டேட்டா தப்பு."

பங்குனி முகூர்த்தத்தில் கல்யாணம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தேதி மார்ச் 31-ஐ ஒட்டி வந்தால் அவரை எதிர்பார்க்காதீர்கள். மொய் வந்துவிடும், பைசா சுத்தமாக.