எட்டே கால் யூனிட்

நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போதே குளியலறை விளக்கு அணைகிறது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தால் நீங்கள் அந்த வீட்டுக்குப் புதிது. பழகியவர்கள் தலையில் சோப்பு நுரையோடு கதவைப் பார்த்துக் கத்துவார்கள்: "அப்பா, உள்ள ஆள் இருக்கு!" வெளியிலிருந்து வருத்தம் தெரிவிக்கிற குரல் எதுவும் வராது. "இருந்தா ஒரு சத்தம் குடுக்கணும்ல? குளிக்கிற மாதிரியே தெரியல" என்று குறைதான் வரும். விளக்கு மறுபடி எரியும். அன்றிலிருந்து நீங்கள் பாடிக்கொண்டேதான் குளிப்பீர்கள். அந்த வீட்டில் எல்லோருக்கும் சங்கீதம் வந்தது இப்படித்தான்.

இவர் என் அப்பா இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் இருக்கும் என் நண்பர் ஒருவரின் அப்பா. வயது 76. தபால் ஆபீசில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்பதரை மணி ரயிலுக்கு ஏழு மணிக்கே பிளாட்பாரத்தில் உட்காருவது, ஜவுளிக்கடைப் பைகளை அளவுவாரியாக மடித்து மெத்தைக்கு அடியில் வைப்பது என்று மற்ற அப்பாக்களுக்கு உள்ள எல்லாம் இவருக்கும் உண்டு. அதெல்லாம் பொழுதுபோக்கு. தொழில் என்றால் மீட்டர்தான்.

காலை ஆறு மணிக்கு வாசலில் டார்ச்சோடு நிற்பார். மீட்டர் பெட்டிக்கு மேலே ஒரு பல்பு இருந்தது. மீட்டர் பார்க்கவே கரண்ட் செலவா என்று அதைக் கழற்றிவிட்டார். டார்ச், சார்ஜ் போடுகிற வகை. அதை எங்கே சார்ஜ் போடுகிறார் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். சென்னைக்கு மகன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பையில் வேட்டி, மருந்து டப்பா, அந்த டார்ச் மூன்றும் வரும். டார்ச் வயிறு நிறைந்து ஊர் திரும்பும்.

படித்த எண்ணை நாற்பது பக்க நோட்டில் எழுதுவார். தேதி, ரீடிங், நேற்றைய செலவு, குறிப்பு என்று நாலு கட்டம். தமிழ்நாட்டில் வீட்டுக் கரண்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். இது எல்லோருக்கும் தெரியும். 500-க்கும் 501-க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது அவரைப் போன்றவர்களுக்கு மட்டுமே தெரியும். 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியதும் எல்லோரையும் ஊஞ்சலைச் சுற்றி உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். அன்றைய கட்டணத்தில் 500 யூனிட்டோடு நின்றால் 1725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் தாண்டினால், இரண்டாவது நூறுக்கு இரண்டே கால் ரூபாய் என்ற சலுகை போய், அதுவும் நாலரை ரூபாய்க் கணக்கில் சேர்ந்துவிடும். ஆக, 501-க்கு 1958.

"அப்ப அந்த ஒரு யூனிட்டோட விலை என்ன?" என்று பேரனைக் கேட்டார்.

பையன் எட்டு ரூபாய் என்றான். புத்தகப்படி அதுதான் சரி.

"233 ரூபா" என்றார். "உலகத்துலயே ஒஸ்தியான கரண்ட் அது. அதை யாரு போடறான்னுதான் நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அறுபது நாளுக்கு ஒரு நாளைக்கு எட்டே கால் யூனிட் வீதம் 495. மிச்சம் ஐந்து யூனிட்? "அவசரத்துக்கு." எந்த அவசரம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

எட்டே காலைத் தாண்டிய மறுநாள் காலை விசாரணை நடக்கும். குற்றவாளி யாரென்று அவருக்கு முந்தின ராத்திரியே தெரியும். இருந்தாலும் முறைப்படி கேட்பார். "நேத்து அயர்ன் பண்ணது யாரு?" அயர்ன் பாக்ஸ் ஆயிரம் வாட். ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் போச்சு. பழைய சீலிங் ஃபேன் அதே யூனிட்டில் பதின்மூன்று மணி நேரம் ஓடும். ஆகவே உங்கள் சட்டையின் மடிப்பு என்பது பதின்மூன்று மணி நேரக் காற்று. இதை அவர் சொல்லும்போது, போட்டிருக்கிற சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடலாமா என்றிருக்கும்.

இப்போதிருக்கிற மீட்டர் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம் இல்லை. பழைய மீட்டரில் ஒரு அலுமினியத் தட்டு சுற்றும். அதில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்தக் கோடு நிற்கிறதா என்று பார்ப்பார். நின்றால் அவர் முகத்தில் ஒரு திருப்தி வரும் பாருங்கள், பிரதோஷத்தன்று நந்தியைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம்கூட அதைக் கண்டதில்லை. அதை மாற்றி, சிவப்பு விளக்கு மினுக்குகிற மீட்டரை வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு யூனிட்டுக்கு 3200 மினுக்கு என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. கொஞ்ச நாள் மினுக்கை எண்ணிப் பார்த்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வேண்டியதாயிற்று.

அவர் வாழ்க்கையில் பெரிய ஏமாற்றம் என்றால் ஜீரோ வாட் பல்புதான். பூஜை அறையில் ராத்திரி எட்டு மணி நேரம், முப்பது வருஷம் அதை எரியவிட்டிருந்தார். பேருக்குத்தான் அது ஜீரோ, உண்மையில் பதினைந்து வாட் வரைக்கும் இழுக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பழைய மீட்டர்களில் அந்த அளவு சரியாகத் தெரியாது என்பதால் வந்த பெயராம். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. சாயங்காலம் நோட்டோடு வந்தார். "1314 யூனிட்" என்றார். கூட்டுறவு சொசைட்டியில் கையாடல் நடந்ததைக் கண்டுபிடித்த ஆடிட்டரின் குரல். "பூஜ்யம்னு பேரு வெச்சுக்கிட்டு 1314 யூனிட்!"

2012-இல் கரண்ட் பாதி நாள் வராமல் தமிழ்நாடே வாசலில் நின்று திட்டிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறதா? சென்னைக்காரர்களுக்கு அவ்வளவாக இருக்காது. அந்த வருஷ நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஒரு யோகியின் நாட்குறிப்பு.

மகன் ஒரு ஏசி வாங்கி மாட்டினான். ஒன்றரை டன். அதற்கு அம்மா பழைய புடவையில் உறை தைத்துப் போட்டார். ரிமோட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பீரோவுக்குள், தாலிக்கொடி வைக்கிற அறையில் வைத்துப் பூட்டினார் அவர். அக்னி நட்சத்திரத்தில் ஊரே வெந்துகொண்டிருக்கும். "ராத்திரியாவது போட்டுக்குங்கப்பா" என்று போனில் கெஞ்சினால், "இங்க காத்து நல்லாத்தான் வருது" என்பார். பின்னால் விசிறி மட்டை அடிக்கிற சத்தம் போனில் கேட்கும்.

சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரை வீட்டுக்குள் விளக்கு கிடையாது. சாமி விளக்கு மட்டும். இருவரும் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். எதிரே தெருவிளக்கு. "அது கார்ப்பரேஷன் கணக்கு." அந்த வெளிச்சத்தில் முறத்தை நடுவில் வைத்து முருங்கைக்கீரை உருவுவார்கள். அவர் உருவுவதில் காம்பு நிறைய விழும். அம்மா பேசாமல் பொறுக்கி எடுப்பார். சாரங்கபாணி கோயில் பக்கம் யார் வீட்டை விற்றார்கள், வளையப்பேட்டையில் யாருக்குப் பெண் பார்த்தார்கள், யார் போய்விட்டார்கள், போனவர் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பேச்சு ஓடும். கொசு கடிக்கும். கொசுவத்தி ஏற்றலாமா என்றால் அதற்கும் ஒரு கணக்குச் சொல்வார். நானும் சில நாள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். மறுபடி மறுபடி போய் உட்காரவேண்டும் என்றிருக்கும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. கீரை உருவுகிற வாசனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சிரித்துவிட்டோம்.

அந்த ஊஞ்சல் பாடத்துக்குப் பிறகு வந்த மார்கழியில் நண்பரின் அம்மா, சரி, எதற்கு ஒளிக்க வேண்டும், என் அம்மா, விடிகாலை நாலரைக்குக் கோலம் போட எழுந்து போனார். நடையில் இருட்டு. ஸ்விட்ச் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. போட்டால் ஆறு மணிக்கு நோட்டில் வரும், அதற்கு எதற்குப் பேச்சு வாங்குவது என்று போடவில்லை. அரிசி டிரம்மில் இடித்து விழுந்தார். இடது மணிக்கட்டில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த மார்கழி முழுக்க எங்கள் வாசலில் எதிர்வீட்டுப் பெண் வந்து கோலம் போட்டாள்.

நான் ராத்திரியோடு ராத்திரியாகப் பஸ் பிடித்து வந்து சேர்ந்தேன். அப்பாவைக் கேட்காமலே நோட்டை எடுத்து, நானும் அவர் மாதிரியே கணக்குப் போட்டேன். ஒன்பது வாட் எல்இடி பல்பு. ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை ஒன்பது மணி நேரம். அறுபது நாள். 4.86 யூனிட்.

"அவசரத்துக்குன்னு அஞ்சு யூனிட் வெச்சிருந்தீங்களே, அது எந்த அவசரத்துக்குப்பா?"

அவர் பதில் சொல்லவில்லை. நானும் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் கேட்டதை இன்றைக்கும் திரும்பப் பெறுவதாக இல்லை. சிக்கனம் நல்ல குணம் என்று எல்லா அப்பாக்களும் சொல்கிறார்கள். அந்தக் குணத்துக்கு இருட்டில் தடவித் தடவி நடந்து கட்டணம் கட்டுவது அவர்களில்லை. அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. அவருக்கு வெளிச்சத்தில் கழிவறைக்குப் போகப் பாத்தியதை உண்டு. இதைக் கட்டுரையில் எழுதவேண்டியிருப்பதே எனக்கு அவமானமாக இருக்கிறது.

தை மாதம் போனபோது நடையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. மேலே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தபால் ஆபீஸ் கையெழுத்தில் "நடை" என்று எழுதி, கீழே தினமும் 0.08. எட்டே கால் குறையவில்லை. அவர் தன் ரேடியோவை நிறுத்திவிட்டதாக அம்மா சொன்னார். ஒரு ரேடியோ எத்தனை வாட் என்று நான் பார்க்கப் போகவில்லை.

அன்றைக்குத்தான் அந்த நாலாவது கட்டத்தை, குறிப்பு என்ற கட்டத்தை, முதன்முதலாகப் படித்தேன். இதற்குமுன் திட்டு வாங்குவதற்காகத்தான் நோட்டைப் பார்த்திருக்கிறேன். "11 யூனிட் – சின்னவ, மாப்பிள்ளை." "14 – தீபாவளி, எல்லாரும்." "9 – மாவு இரண்டு தடவை, பெரியவன் வர்றான்." ஒரு யூனிட் என்று சில நாட்கள் இருந்தன. வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடிய நாட்கள். இருவரும் சென்னையில் எங்களோடு இருந்தவை. அவர் சென்னையிலிருந்து பக்கத்துவீட்டுக்காரருக்குப் போன் போட்டு, வேலி தாண்டிப் போய் ரீடிங் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதரும் பார்த்துச் சொல்லியிருக்கிறார். கும்பகோணத்தில்தான் இது நடக்கும்.

2023 கோடை விடுமுறைக்கு நாங்களும் தங்கை குடும்பமும் போய் இருபது நாள் தங்கினோம். முதல் ராத்திரியே பேரன் வேர்க்குருவைக் காட்டி அழுதான். அப்பா பேசாமல் பீரோவைத் திறந்து, தாலிக்கொடி அறையிலிருந்து ரிமோட்டை எடுத்துவந்தார். கவரைப் பிரிக்கவில்லை. கவரோடே பொத்தானை அமுக்கினார். 24-க்குக் கீழே போகக்கூடாது என்று மட்டும் சொன்னார். இருபது ராத்திரியும் ஏசி ஓடியது. காலை ஆறு மணிக்கு வழக்கம்போல டார்ச்சோடு போய் வந்தார். 17, 19, 18 என்று எழுதிக்கொண்டே போனார். விசாரணை இல்லை. இடையில் நான்தான் பயந்துபோய் அயர்ன் கடைக்குச் சட்டை கொடுத்தனுப்பினேன்.

ரீடிங் எடுக்கிறவர் வந்த அன்று நாங்கள் ஊரில்தான் இருந்தோம். வருஷக்கணக்காக வருகிறவர். எங்கள் வீட்டில் அவருக்கு வேலையே கிடையாது. அப்பா எண்ணைச் சொல்ல, அவர் தட்டிக்கொண்டு போவார். அன்று மெஷினில் தட்டிவிட்டு மறுபடி மீட்டரைப் பார்த்தார்.

"என்ன சார், 647 காட்டுது? 3173 ரூபா வருதே! உங்க வீட்ல 500 தாண்டி நான் பாத்ததில்லையே. மீட்டர்ல எதாவது கோளாறா? வேணா எழுதிக் குடுங்க."

"மீட்டர்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா. குரல் எதிர்வீடு வரை போனது. "பசங்க வந்திருக்காங்க. ரெண்டு குடும்பமும். பேரனுக்கு ஏசி இல்லாம தூக்கம் வராது."

வந்தவர் தலையாட்டிவிட்டுப் போனார். பத்து நிமிஷத்தில் பால்காரரிடம் அப்பா 647 என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. மத்தியானம் அயர்ன் கடையில். சாயங்காலம் திண்ணையில், தெருவோடு போன ஒரு ரிட்டயர்டு வாத்தியாரை நிறுத்தி வைத்து. அவர் வீட்டில் 410-தான் வந்ததாம். "அப்படியா, பிள்ளைங்க யாரும் வரலியா?" என்று அப்பா விசாரித்தார்.

இரண்டு நாள் கழித்து ராத்திரி ரயில். ஏழு மணிக்கே பிளாட்பாரத்தில் எங்களை உட்காரவைத்துவிட்டு, ரயில் வந்து, நாங்கள் ஏறி, அது நகர்ந்த பிறகுதான் வீட்டுக்குப் போனார். பெர்த்தை விரித்துப் பையனைப் படுக்கவைத்து நான் சாய்ந்தபோது போன் அடித்தது.

"ஏன்டா, மாடி ரூம்ல உன் சார்ஜரைப் பிளக்குலயே விட்டுட்டுப் போயிருக்க."

"அடுத்த தடவை எடுத்துக்கறேன்பா."

"சார்ஜர் இருக்கட்டும். ஸ்விட்ச் போட்டபடி இருந்துதே? சாயங்காலத்துலேருந்து இருந்திருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "ரீடிங் எடுத்து ரெண்டு நாள்தான் ஆகுது. இது புதுக் கணக்குல ஏறும், தெரியுமில்ல?"