குல்லா பெரியம்மா

சித்திரை மாதத்துச் சென்னை. ராத்திரி பதினோரு மணிக்குச் சுவரைத் தொட்டால், இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் போலச் சுடுகிறது. வீட்டு ஆண்கள் சட்டையைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டார்கள். பெண்கள் ஈரத்துண்டும் கையுமாக இருக்கிறார்கள். விசிறிக்கு நேர்கீழே யார் படுப்பது என்று ஒரு சிறிய உள்நாட்டுப் போரே நடக்கிறது. இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள் மட்டும் கொடைக்கானலில் குடியிருக்கிறார். வயது மூன்று மாதம். தலையில் கம்பளிக் குல்லா, தாடைக்குக் கீழே இறுக்கி ஒரு முடிச்சு, முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், கைக்கு உறை, காலுக்கு சாக்ஸ். இத்தனையும் போதாதென்று ஃபிளானல் துணியால் கழுத்து வரை ஒரு சுற்று. வெளியே தெரிவது ஒரு மூக்கும் கொஞ்சம் கோபமும். இந்த அலங்காரத்தைச் செய்தவரின் பெயர் ஊருக்கு ஊர் மாறலாம், பதவி மாறாது. அவர்தான் குல்லா பெரியம்மா. சில வீடுகளில் அந்தப் பதவியில் அத்தைப்பாட்டி இருப்பார், சில வீடுகளில் எதிர்வீட்டு மாமி. பணி ஓய்வு பெற்ற தாத்தாக்களும் அண்மைக்காலமாகப் போட்டியில் இறங்கியிருக்கிறார்கள்.

பெரியம்மாவிடம் ஒரு தெர்மாமீட்டர் உண்டு. அது அவருடைய ஆள்காட்டி விரல். குழந்தையின் உள்ளங்காலில் வைப்பார். உடனே முடிவு வந்துவிடும்: "ஏண்டி, பிள்ளைக்குக் கால் ஐஸ் மாதிரி இருக்கே, பார்க்கக் கூடாதா?" அந்த விரல் பொய் சொல்லவில்லை, தப்பான இடத்தில் கேள்வி கேட்கிறது, அவ்வளவுதான். கைக்குழந்தைக்கு ரத்த ஓட்டம் முதலில் நெஞ்சையும் வயிற்றையும் கவனித்துவிட்டுத்தான் கை கால்களுக்குப் போகும். ஆகவே உடம்பு கதகதப்பாக இருக்கும்போதே கால் சில்லென்று இருப்பது வழக்கம். குழந்தைக்கு உண்மையில் குளிருகிறதா, புழுங்குகிறதா என்று தெரிய வேண்டுமானால் பிடரியைத் தொட வேண்டும், அல்லது நெஞ்சை. பெரியம்மா பிடரியைத் தொடுவதில்லை. தொட முடியாது. அங்கே ஸ்வெட்டர் இருக்கிறது.

அவரை வெறும் பிடிவாதக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் பக்கம் நல்ல சாட்சிகள் இருக்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. தோளிலும் முதுகிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பு என்ற சிறிய கையிருப்பை எரித்துத்தான் சூட்டைக் காக்கிறது. எடை குறைந்த, மாதம் நிறையாத குழந்தைக்கு அந்தக் கையிருப்பும் போதாது. குளிர்ந்துபோவது அதற்கு உயிர் ஆபத்து. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட 24 மணி நேரம் பொறுங்கள், பெரியவர் உடுத்துவதைவிட ஒன்றிரண்டு அடுக்கு கூடுதலாக உடுத்துங்கள், தலைக்குக் குல்லா போடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பிரசவ அறையில் ஒரு நர்ஸ் அவசர அவசரமாகக் குல்லா மாட்டிவிடுவதும் இதனால்தான். பெரியம்மா அதைப் பார்த்தார், மனதில் எழுதிக்கொண்டார். பிசகு எங்கே என்றால், நர்ஸ் போட்ட குல்லாவுக்கு ஒரு காலக்கெடு இருந்தது. பெரியம்மாவின் குல்லா காதுகுத்து முடிந்தும் கழல்வதில்லை.

தலையின் கணக்கு சுவையானது. பெரியவருக்கு உடம்புத் தோலில் தலையின் பங்கு ஏறக்குறைய 9 சதவீதம். கைக்குழந்தைக்கு அதுவே கிட்டத்தட்ட இரு மடங்கு. முதல் நாள் குளிர்ந்த அறையில் சூடு ஓடிப்போகும் வழி அதுவென்றால், மே மாத இரவில் சூடு வெளியேற வேண்டிய வழியும் அதுவேதான். உடம்பு முழுவதையும் துணியில் கட்டிவிட்ட பிறகு திறந்திருக்கும் ஒரே ஜன்னல் தலை, அதற்கும் பெரியம்மா கம்பளிக் கதவு போட்டுவிடுகிறார். பச்சைக் குழந்தைக்கு வியர்க்கும் திறமையும் நம் அளவுக்கு வளர்ந்திருக்காது. வியர்த்தாலும் துணி அடைத்துக்கொண்டு கழுத்து மடிப்பில் வேர்க்குரு பொரிந்துவிடும். அது பரவாயில்லை, பவுடர் இருக்கிறது என்பார் பெரியம்மா. சிரிக்க முடியாத செய்தி ஒன்றும் உண்டு. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்துபோவதை ஆராய்ந்தவர்கள், அதிகச் சூட்டையும் தலையை மூடிய துணியையும் ஆபத்துப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022இல் புதுப்பித்த வழிகாட்டலில், பிறந்த முதல் சில மணி நேரமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் தவிர, வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லா வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இத்தனை தெரிந்தாலும் குல்லா கழலாது. காரணம் மருத்துவத்தில் இல்லை, வீட்டு அரசியலில் இருக்கிறது. அன்பு கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். ஸ்வெட்டர் தெரியும், குல்லா தெரியும், முடிச்சின் நேர்த்தி தெரியும். பார்க்க வந்தவர்கள், "எவ்வளவு பத்திரமா வெச்சிருக்கீங்க!" என்பார்கள். ஒற்றைப் பருத்திச் சட்டையோடு மல்லாந்து கிடக்கும் குழந்தையைப் பார்த்து அப்படி யாராவது சொல்வார்களா? "அம்மாவுக்குச் சோம்பேறித்தனம் போல" என்றுதான் தோன்றும். போர்த்துவது ஒரு வேலை, செய்ததற்கு அடையாளம் இருக்கிறது. போர்த்தாமல் இருப்பதும் ஒரு தீர்மானம்தான், ஆனால் அதை யாருக்கும் எடுத்துக் காட்ட முடியாது. சளி பிடித்தால் குல்லா போடாத அம்மாதான் குற்றவாளி. வைரஸைக் கொண்டுவந்தது எல்.கே.ஜி. படிக்கும் அண்ணன் என்றாலும் அவனை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. புழுக்கத்தில் குழந்தை விடிய விடிய அழுதாலோ, "கண்ணு பட்டிருக்கு" என்று வழக்கே திசை மாறிவிடும். போர்த்தியவர் மேல் தீர்ப்பு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"நான் அஞ்சு பெத்து வளர்த்தவ" என்பது பெரியம்மாவின் கடைசி அஸ்திரம். அதற்கு மரியாதையாகப் பதில் சொல்வது கடினம், ஆனால் சொல்லத்தான் வேண்டும். வளர்ந்த ஐந்து பேரும் சாட்சி சொல்ல வருவார்கள். வளராமல் போனவர்கள் வர முடியாது. 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020இல் அது 28, தமிழ்நாட்டில் 13. அந்த 129க்கும் குல்லாவுக்கும் முடிச்சுப் போட வேண்டாம், தொற்றும் பட்டினியும் செய்த வேலை அது. ஆனால் பழைய காலத்து வழக்கம் ஒன்று பழையது என்பதாலேயே பத்திரமானது என்று வாதிடவும் இடமில்லை. வழக்கத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் நல்ல உதாரணம். கால்களை நீட்டி இறுக்கிச் சுற்றுவது அங்கே பரம்பரைப் பழக்கம். அப்படிச் சுற்றாதீர்கள் என்று 1975 வாக்கில் நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். குழந்தைகளின் இடுப்பு மூட்டு நழுவுவது வெகுவாகக் குறைந்தது. அங்கேயும் பாட்டிகள் இருந்திருப்பார்கள், சும்மாவும் இருந்திருக்க மாட்டார்கள்.

பெரியம்மாவை மட்டும் குறை சொன்னால் அநியாயம். அதே வீட்டில் அவருக்குச் சரிசமமாக நிற்பவர் குழந்தையின் அப்பா. அவருக்கு விரலில் நம்பிக்கை இல்லை, செல்போனில் நம்பிக்கை. குழந்தை தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ்காரர்கள் சொன்னதைப் படித்துவிட்டு, ஏ.சி.யை 19இல் வைத்து, தானே போர்வைக்குள் பல் நடுங்கக் கிடப்பார். 2.5 டாக் என்று அச்சிட்ட தூக்கப் பை ஒன்றும் தருவித்திருப்பார். டாக் என்பது துணி எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதற்கான அளவு. 1940களில் மான்செஸ்டரில் இருந்த ஷெர்லி இன்ஸ்டிடியூட்டில் உருவானது. 2.5 என்பது அந்த ஊர்க் குளிர்காலப் படுக்கையறைக்குச் சரி. மே மாத இரவிலும் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காத ஊரில், கரண்ட் போய் ஏ.சி. நின்ற அடுத்த நிமிடமே அந்தப் பை இட்லிக் கொப்பரை ஆகிவிடும். பெரியம்மா குளிர்காலத்தை மார்கழியிலிருந்து கடன் வாங்குகிறார், அப்பா மான்செஸ்டரிலிருந்து வாங்குகிறார். வட்டி கட்டுவது குழந்தை.

அப்படியானால் என்னதான் உடுத்துவது? பதில் ஏமாற்றமளிக்கும் அளவுக்கு எளிது. அதே அறையில் அதே விசிறியின் கீழ் நாம் எதை உடுத்தி நிம்மதியாகத் தூங்குவோமோ, அதற்கு மேல் ஓர் அடுக்குக்கு மிகாமல் பார்த்துக்கொண்டால் போதும். நாமே துண்டோடு கிடக்கும் இரவில் அந்த ஓர் அடுக்கும் வேண்டாம். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பருத்தி ஜபலாவும் அடித்துணியும் தாராளம். ஊட்டியில் ஜனவரி என்றால் ஸ்வெட்டர் போடலாம், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் எந்த ஊரிலும் கழுத்தில் நாடா வேண்டாம், தொங்கும் மணி வேண்டாம், உடைந்த பொத்தான் வேண்டாம். கையுறையின் உள்ளே ஒரு நூல் பிரிந்து தளிர் விரலைச் சுற்றி இறுக்கினால் குழந்தை அழுவது பசிக்கென்றே எல்லோரும் நினைப்பார்கள். நகம் கீறும் என்ற பயத்துக்கு நகவெட்டி நல்ல மருந்து. குழந்தை புரளத் தொடங்கும் அறிகுறி தெரிந்தால் துணியில் சுற்றுவதை அன்றே நிறுத்திவிட வேண்டும். விசிறிக் காற்று ஆகாதே என்ற கவலைக்கும் மறுமொழி உண்டு. 2008இல் வெளிவந்த ஒரு கலிபோர்னிய ஆய்வு, விசிறி ஓடிய அறைகளில் தூக்க மரணங்கள் குறைவாக இருந்ததாகக் கண்டது. ஒற்றை ஆய்வை நம்பி மருத்துவர்கள் விசிறிக்கு மகுடம் சூட்டவில்லை; விசிறியைக் கொலைகாரி என்று சொல்லவும் ஆதாரமில்லை.

பெரியம்மாவிடமிருந்து குல்லாவைப் பிடுங்கினால் மகாபாரதம் நடக்கும். அவருக்கு வேண்டியது பலர் பார்க்கச் செய்யும்படியான ஒரு வேலை. ஆகவே புத்திசாலி மருமகள் குல்லாவைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. "உங்க கைக்குத்தான் சரியா தெரியும் பெரியம்மா, ராத்திரி எழுந்தா பிள்ளைக்குப் பிடரி எப்படி இருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்று பொறுப்பை ஒப்படைத்துவிடுகிறாள். இரண்டு மணிக்குப் பெரியம்மா எழுகிறார். ஸ்வெட்டர் கழுத்துக்குள் விரலை நுழைக்கிறார். விரல் நனைகிறது. விளக்கு எரிகிறது, வீடே விழிக்கிறது. "ஐயோ, பச்சப்புள்ளைக்கு இப்படியா வேர்த்து ஊத்தும்! யாருடி இந்தக் குல்லாவைப் போட்டது?"