அடிக்கு அரைக்கால் அங்குலம்: வடசென்னை மரப்பட்டறைகளில் பழம்பெருமை விரியும் விகிதம் குறித்த ஓர் ஆய்வு

“அந்தக் காலத்துல எழப்புளின்னா எழப்புளிபா. இப்ப இருக்கறது டப்பா.” திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை எந்த மரப்பட்டறையில் நுழைந்தாலும் இரண்டாவது டீக்குள் இவ்வாக்கியம் வந்துவிடும். முன்னோர் இதை வெறும் புலம்பல் என்று ஒதுக்கிவிட்டனர். இதற்குள் துல்லியமான கணக்கு ஒன்று உண்டு என்பதே இவ்வாய்வின் துணிபு.

முதலில் கால ஆராய்ச்சி. 1985இல் சென்னையின் பழைய சாமான் சந்தையான மூர் மார்க்கெட் எரிந்தபோது பொற்காலம் முடிந்தது என்பது ஒரு சாரார் கொள்கை. இவர்கள் வைத்திருக்கும் ஷெஃபீல்ட் முத்திரை உளிகள் எல்லாம் அங்கே வாங்கியவை என்பது உண்மையானால், அந்தக் கட்டடத்தில் பழைய புத்தகம் விற்க இடமே இருந்திருக்காது. வஜ்ரப் பசை காய்ச்சிய நாற்றம் பட்டறையை விட்டுப் போனதோடு எல்லாம் போயிற்று என்பது மறுசாரார் வாதம். பெவிகால் வந்தது 1959இல். வாதிடுபவர் பிறந்தது அதற்குப் பின்னால். இதைச் சுட்டிக்காட்டியதும் ஆய்வாளருக்கு டீ நிறுத்தப்பட்டது.

பொற்காலத்தில் என்ன நடந்தது என்பதில் மட்டும் இரு சாராருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. இரவல் போன உளி, போனதைவிடக் கூர்மையாகத் திரும்பி வந்தது. கற்றுக்குட்டி ஒருவன் சந்தேகம் கேட்டால் போதும், மேஸ்திரி தன் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வருவார். மர இழைப்புளியின் பின்புறத்தில் சுத்தியலால் ஒரு தட்டு. அலகு மயிரிழை உள்ளே ஏறும். அலகின் தலையில் தட்டினால் இறங்கும், ஆப்பில் தட்டினால் இறுகும். பிறகு ஒரே இழுப்பு. அப்படி வந்த சீவலை நாளிதழ்மேல் விரித்தால் எழுத்துத் தெரிந்ததாம். ஒருவர் ராசிபலனே படித்திருக்கிறார்.

இதை எவ்வளவு நம்பலாம்? இங்கேதான் எண்ணூர் வட்டாரத்தின் இன்னொரு தொழில் கைகொடுக்கிறது. லாரி எஞ்சினோ பம்போ, இரும்பை வார்க்கும் ஊரில் அதற்கு மரத்தில் மாதிரி செய்யும் பேட்டர்ன் மேஸ்திரி இருப்பார். உருக்கி ஊற்றிய இரும்பு மணல் அச்சுக்குள் ஆறும்போது சுருங்கும். அதனால் மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும்; இந்தக் கூடுதல்தான் அலவன்ஸ். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று அவரிடம் தனி ஸ்கேல் ஒன்று இருக்கும். வார்ப்பிரும்பு ஸ்கேலில் ஓரடி என்று போட்டிருப்பது நிஜத்தில் ஓரடியும் அரைக்கால் அங்குலமும். எஃகு ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்குவதால் அதற்கு வேறு ஸ்கேல். விவரம் தெரியாமல் வார்ப்பிரும்பு ஸ்கேலை எடுத்து ஆறடிக் கதவு செய்தால், முக்கால் அங்குலம் கூடிப்போய் நிலைக்குள் நுழையாது.

பழம்பெருமை பேசும் மேஸ்திரி அளப்பதும் இந்த ஸ்கேலால்தான். கேட்பவன் மனதில் ஊற்றிய கதை, அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் ஆறிச் சுருங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். சுருங்கிய பிறகு சரியான அளவு மிஞ்சட்டும் என்று ஊற்றும்போதே பெரிதாக ஊற்றுகிறார். இதைப் பொய் என்பது தொழில் தெரியாதவர் பேச்சு. அவர் விடுவது அலவன்ஸ். கற்றுக்குட்டி மட்டும் இருந்தால் வார்ப்பிரும்பு விகிதம், பக்கத்துப் பட்டறை மேஸ்திரியும் உட்கார்ந்திருந்தால் எஃகு விகிதம். மணல் உடையாமல் மாதிரியை உருவுவதற்காக அதன் பக்கங்களை லேசாகச் சரித்து இழைப்பார்கள். “ஒரு தபா இன்னா ஆச்சுன்னா” என்று ஆளும் தேதியும் இல்லாமல் கதை தொடங்குவதும் இந்தச் சரிவுதான். குறுக்குக் கேள்வியில் சிக்காமல் வழுக்கி வெளியே வந்துவிடும்.

எதிர்வாதம் ஒன்று எழும். அரைக்கால் அங்குலம் நூற்றுக்கு ஒன்றுதானே, கேட்ட கதைகள் நூற்றுக்கு இருநூறு அல்லவா வீங்கியிருக்கின்றன? இதற்கும் விடை உண்டு. உலோகத்தில் மாதிரி வார்ப்பதற்கு முதலில் செய்யும் மர மாதிரியில் இரட்டைச் சுருக்கம் விடுவது தொழில் வழக்கம். நம் கதைகளோ எத்தனை ஆயுத பூஜைக்கு எத்தனை முறை மறுவார்ப்பு ஆனவை!

சான்றுக்காக அந்த ஸ்கேலைப் பார்க்க விரும்பி ஒரு பெரியவரிடம் கேட்டோம்.

“ஒருத்தன் எடுத்துனு போனான்பா. திருப்பித் தரவேயில்ல. அந்தக் காலமா இருந்தா தந்திருப்பான்.”

எப்போது எடுத்துப் போனான்?

“அது ஆச்சே, மூர் மார்க்கெட் இருக்கச் சொல்ல.”