மச்சினன் பெட்டியில் மூலப்பத்திரம்

கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு தென்னந்தோப்பு என்று வைத்துக்கொள்வோம். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். தோப்பு அண்ணன் கையில், தேங்காய்க் கணக்கு அண்ணன் நோட்டில், பத்திரம் அண்ணன் பீரோவில். தங்கச்சி ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலவே பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது. அதற்கு முன்பே கழுத்தில் தாலி ஏறியவர்களை வாசலில் நிறுத்தியிருந்த குறையை 2005-இல் டெல்லி சரிசெய்தது. பங்கைக் கொடுத்த மகராசர்கள் பீரோ சாவியைத்தான் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு. மூலப்பத்திரத்தையும் வரவு செலவு நோட்டையும் எதிர்த்தரப்பு கொண்டுவரட்டும் என்று தங்கச்சி மனுப் போடுகிறார். 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம், கட்டளை 11, விதி 14. அண்ணாச்சி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்கிறார்: "என் வசம் இல்லை." மூன்றே சொல். சத்தியம் செய்துவிட்டாரே, அப்புறம் பீரோவை உடைத்தா பார்ப்பது?

தங்கச்சி விடவில்லையென்றால் அடுத்த பதில் தயார். குட்டையைக் குழப்பி மீன் பிடிக்கிறாராம். எந்தப் பத்திரம், என்ன தேதி, என்ன நம்பர் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டுமாம். கண்ணாலேயே பார்க்காத பத்திரத்துக்கு நம்பர் சொல்லத் தெரிந்தால் அவர் கோர்ட்டுக்கு ஏன் வருகிறார், குறி சொல்லிப் பிழைத்துக்கொள்ள மாட்டாரா?

இன்னும் கெட்டிக்கார அண்ணாச்சிகள் தோப்பில் பாதியை மச்சினன் பெயருக்கு எழுதிவைத்திருப்பார்கள். வழக்கில் கட்சியாக இல்லாத சாட்சியைத் தன் சொத்துப் பத்திரத்தைக் காட்டும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 1872-இல் சாட்சியச் சட்டம் தந்து, அதன் இடத்துக்கு வந்த சட்டத்திலும் தொடரும் பாதுகாப்பு. காரணமில்லாமல் வந்த விதியல்ல அது. இல்லாவிட்டால் வட்டிக்காரன் எவனும் ஏழையின் டிரங்குப் பெட்டியைக் கோர்ட்டில் கொட்டிவிடுவான். ஆனால் ஏழைக்குப் போட்ட வேலிக்குள் மச்சினன் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறான்.

கோர்ட் உத்தரவிட்டும் கொண்டுவராவிட்டால்? அதே கட்டளை 11-இல் விதி 21 இருக்கிறது: வாதியின் வழக்கு தள்ளுபடியாகும், பிரதிவாதியின் எதிர்வாதம் நீக்கப்படும். கேட்கவே நடுங்குகிறதல்லவா? நடுங்க வேண்டாம். வேண்டுமென்றே மீறியிருந்தால்தான் அவ்வளவு தூரம் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் சொல்லிவிட்டது. அண்ணாச்சி வேண்டுமென்றா மீறுகிறார்? ஒரு வாய்தாவில் காய்ச்சல், அடுத்த வாய்தாவில் கோர்ட் புறக்கணிப்பு, அதற்கடுத்ததில் பீரோவைக் கரையான் அரித்தது.

மறைத்தவனைப் பற்றிப் பாதகமாக ஊகித்துக்கொள்ளலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. 'கொள்ளலாம்.' ஒளித்தவனுக்கு நாம் வைத்திருக்கும் பெரிய தண்டனை அவனைச் சந்தேகப்படுவது! புத்தூர்க் கல்யாணப் பந்தலில், தன்னை அடிமை என்று சொன்ன கிழவரின் ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்தே போட்டார். கிழிந்தது படியோலைதான், மூலவோலை பத்திரமாக இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் சபை அதைப் பாட்டனார் கையெழுத்தோடு ஒப்பிட்டு வாய்தா இல்லாமல் தீர்ப்புச் சொன்னது. அங்கே வாதி கடவுள். நம் தங்கச்சிக்கு அந்த வசதி இல்லை.

ஒருமுறை உச்ச நீதிமன்றத்துக்குக் கோபம் வந்தது. செங்கல்வராய நாயுடு வழக்கில் வாதி, தானே எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரத்தை மறைத்துப் பாகம் கேட்டுத் தீர்ப்பும் வாங்கிவிட்டார். தனக்கு எதிரான பத்திரத்தை அவரே கொண்டுவர வேண்டிய கடமை இல்லை என்றது உயர் நீதிமன்றம். அது கோர்ட்டையே ஏமாற்றிய மோசடி, தீர்ப்பே செல்லாது என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் உடைத்தது. நல்லது. ஆனால் அந்தப் பத்திரம் 1945-இல் பதிவானது, அதனால் சிக்கியது. தேங்காய் நோட்டை எந்த சப்-ரிஜிஸ்திராரிடம் போய் நகல் கேட்பது?

வழி தெரியாமலும் இல்லை. 2015-இல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தபோது கட்டளை 11-ஐயே மாற்றி எழுதினார்கள். வணிக வழக்கென்றால் இரு தரப்பும் தம்மிடமுள்ள ஆவணங்களை, தமக்கு எதிரானவை உட்பட, தொடக்கத்திலேயே வைத்துவிட வேண்டும். 2018-க்குப் பிறகு மூன்று லட்ச ரூபாய் வழக்குக்கே இந்த நேர்மை கட்டாயம். ராஜபாளையத்தில் இரண்டு பஞ்சு வியாபாரிகள் மோதிக்கொண்டால் ஒளிக்கக் கூடாது. அதே ஊர்த் தங்கச்சி முப்பது லட்ச ரூபாய்த் தோப்பில் பங்கு கேட்டால் அது வணிகமில்லை, குடும்பம். அண்ணன் தங்கச்சிக்குள் என்ன ஒளிவு மறைவு இருக்கப்போகிறது என்று நாடாளுமன்றம் நம்பிவிட்டது.